ஓசையும் ஒழுங்கும்: பெரட்டுக் களம் முதல் அருவிக்கரை வரை



விடியற்காலை நான்கரை மணி. லயத்தில் ஒரு விளக்கும் இல்லை. பனி இறங்கிய பால்மரக் காட்டிலிருந்து ஒரு பூச்சியின் ரீங்காரம் மட்டும் கேட்கிறது. அந்த நேரத்தில் லயத்தின் ஒரு கோடியிலிருந்து ‘டண், டண், டண்’ என்று தப்பு முழங்கும். கைப்பிள்ளை விழித்து அழும். சமையற்கட்டில் அடுப்பு மூட்டப்படும். அரைமணி கழித்து மீண்டும் தப்பு. அதற்குள் உளியும் வாளியும் எடுத்துக்கொண்டு பெரட்டுக் களத்தில் நிற்காவிட்டால் அன்றைய பெயர் போய்விடும். பெயர் போனால் அன்றைய கூலியும் போய்விடும்.

நம் பாட்டிமார் கேட்டு எழுந்த ஓசை இது. நமது சிறு வயதில் தப்பு இருந்த இடத்தைத் தண்டவாளத் துண்டு ஒன்று பிடித்துக்கொண்டது. மரத்தில் சங்கிலியால் தொங்கவிட்டு இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். தூங்குகிறவன் காதில் அது தப்பைவிடக் கொடுமையாக விழும். தப்புத் தோலுக்கு மழை நாளிலாவது சற்றுத் தொய்வு உண்டு. இரும்புக்கு அதுவும் கிடையாது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஓசையின் வரலாறு. அருவிக்கரையிலும் பூங்காவிலும் பாட்டுப் பெட்டியை எவ்வளவு உரக்க வைக்கலாம், எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்ற கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. ‘தோட்டத்து ஆட்கள் என்றாலே சத்தந்தான்’ என்ற பேச்சையும் நாம் கேட்டிருக்கிறோம். அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் பெரட்டுக் களத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கெடா மாநிலம் 1909-ஆம் ஆண்டு வரை சயாமின் மேலாண்மையின் கீழ் இருந்தது. அவ்வாண்டு ஆங்கிலேயருக்கும் சயாமியருக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையால் ஆங்கிலேயர் செல்வாக்கின் கீழ் வந்தது. அதன் பிறகே இங்கே ரப்பர்த் தோட்டங்கள் விரைந்து பெருகின. 1915-இல் இரயில் பாதை அலோர் ஸ்டார் வரை எட்டியது. கூலிம், சுங்கைப் பட்டாணி, பீடோங் சுற்றுவட்டாரத்துக் காடுகள் அழிந்து பால்மரங்கள் நிமிர்ந்தன. கங்காணிமார் ஊரிலிருந்து ஆள் கட்டி வந்தார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் அத்தகைய ஆட்கட்டுக்குத் தடை விதிக்கும் வரை அது நடந்தது.

அப்படி வந்து சேர்ந்த மக்களின் வாழ்க்கையில் ஓசை இரண்டு வகையாகப் பிரிந்து கிடந்தது. ஒன்று நிர்வாகத்தின் ஓசை. தப்பு, தண்டவாளம், ஆலைச் சங்கு, துரையின் மோட்டார் சைக்கிள். இவற்றுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மற்றொன்று மக்களின் ஓசை. மாரியம்மன் திருவிழாவின் உடுக்கை, கல்யாணத்து மேளம், இழவு வீட்டுப் பறை, மாசி இரவுகளில் காமன் கூத்து. இவற்றுக்குக் கிராணி மூலம் துரையின் சம்மதம் வேண்டும். மறுநாள் வேலை கெடாமல் இருந்தால்தான் சம்மதம். ஆக, தோட்டத்தில் ஓசை இருந்ததா இல்லையா என்பதன்று கேள்வி. யாருடைய ஓசைக்கு உரிமை இருந்தது என்பதே கேள்வி.

இங்கே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விடியலில் நம்மை எழுப்பிய தப்பை அடித்தவர் யார்? அவரைச் சாதியின் பெயரால் லயத்தின் கடைசி வீட்டில் ஒதுக்கி வைத்தவர்கள் நாமே. அவர் கை ஓய்ந்தால் திருவிழாவும் இல்லை, பெரட்டும் இல்லை. ஆயினும் பந்தியில் அவருக்குத் தனி இடந்தான் கிடைத்தது. இந்தக் குறையைத் துரையின் தலையில் கட்ட முடியாது.

தமிழர் ஓசைக்கு ஒழுங்கு அறியாதவர்கள் அல்லர். பழைய காலத்தில் படைமுரசு, கொடைமுரசு, மணமுரசு என்று முரசிலேயே மூன்று வகை இருந்தது. எது எப்போது முழங்க வேண்டும் என்பதற்கு வரையறை இருந்தது. கோயில் நாகசுரத்திலும் அப்படித்தான். காலையில் பூபாளம்; இரவு சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருளும்போது நீலாம்பரி, அதுவும் மெல்ல. தெய்வமே ஆனாலும் தூங்கும் வேளையில் உரக்க வாசிக்கலாகாது என்பது நம் பழைய நாகசுரக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று கோயில் மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவர்களுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலும்.

நாம் குடியேறிய இந்த மண்ணிலும் ஓசைக்கு ஒழுங்கு உண்டு. அலோர் ஸ்டார் நகர மையத்தில் பாலாய் நோபாட் என்ற கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். இப்போதுள்ள கட்டடம் 1906-இல், சுல்தான் அப்துல் ஹமீது காலத்தில் எழுந்தது. அரச இசையான நோபாட்டின் முரசு, செருணை, நபிரி, காங் ஆகியவை அங்கே இருக்கின்றன. அரச சடங்குகளிலும் தொழுகை வேளைகளை ஒட்டியும் அல்லாமல் கண்டபடி அது முழங்குவதில்லை. நம் ஊர் நாகசுரத்துக்குச் செருணை சொந்தக்காரன்தான் என்று கேட்டவர்களுக்குப் புரியும். கிராமத்து மசூதிகளில் ஒலிபெருக்கி வருமுன் பெடோக் என்னும் பெரிய முரசை அடித்தே தொழுகை நேரத்தை அறிவித்தார்கள். தப்பு கேட்டு நாம் எழுந்த அதே விடியலில், வயலுக்கு அப்பால் பெடோக் கேட்டு மலாய்க்காரர் எழுந்திருக்கிறார். ஒருவர் வேலைக்கு, ஒருவர் தொழுகைக்கு.

இனி சட்டத்துக்கு வருவோம். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 268-ஆம் பிரிவு பொதுத் தொல்லையைப் பற்றியது. பலருக்குத் தீங்கோ இடைஞ்சலோ தரும் செயல் குற்றம் என்றது அப்பிரிவு. அந்தச் சட்டத்தை முன்மாதிரியாக வைத்தே நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டமும், பின்னர் மலாயாவின் சட்டமும் எழுதப்பட்டன. மலேசியத் தண்டனைச் சட்டத்தில் அதே எண்ணிலேயே அப்பிரிவு நிற்கிறது. இந்தியாவிலோ 2024-இல் புதிய சட்டம் வந்து எண் மாறிவிட்டது. 1861-இல் வந்த இந்தியப் போலீஸ் சட்டத்தின் 30-ஆம் பிரிவு இன்னும் வெளிப்படையானது. விழா நாட்களில் தெருவில் எவ்வளவு இசை இருக்கலாம் என்பதைப் போலீஸ் அதிகாரி ஒழுங்குபடுத்தலாம் என்று அதில் எழுதி வைத்தார்கள்.

இது ஏட்டில் மட்டும் இருந்த செய்தியன்று. 1882-இல் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஊர்வல வழியில் எழுந்த மசூதியை ஒட்டிப் பெருங்கலவரம் மூண்டது. மேளத்தோடு போகலாமா, மேளத்தை நிறுத்திப் போக வேண்டுமா என்பதே சச்சரவின் நடுவில் இருந்தது. சேலம் விஜயராகவாச்சாரியார் மீது அந்தக் கலவரத்தில் வழக்குப் போட்டுத் தண்டித்தார்கள். மேல் முறையீட்டில் அவர் விடுதலையானார். அந்தக் காலத்து வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் 1883-இல் ஒரு முடிவுக்கு வந்தது. பொதுத் தெருவில் மேளத்தோடு ஊர்வலம் போக எல்லாருக்கும் உரிமை உண்டு. ஆனால் பிறர் கூடி வழிபடும் வேளையில் அதைக் குலைக்கலாகாது. அமைதி காக்க அதிகாரிகள் இடும் கட்டளைக்கும் அடங்க வேண்டும். உரிமையும் உண்டு, வரம்பும் உண்டு. நூற்று நாற்பது ஆண்டுகள் ஆன பின்னும் இந்த விஷயத்தில் இதைவிட அதிகமாக யாரும் சொல்லிவிடவில்லை என்பது நம் எண்ணம்.

கணிப்பொறியின் முன்னோடி என்று பாடப்புத்தகத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் சார்லஸ் பாபேஜ், இலண்டன் தெருப் பாட்டுக்காரர்களோடு ஓயாமல் சண்டையிட்டவர். அவரும் அவரைப் போன்றோரும் விடாமல் முறையிட்டதால் 1864-இல் தெரு இசையைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று இலண்டனுக்கு வந்தது. வீட்டுக்காரர் கேட்டால் தெருவில் வாசிப்பவர் விலகிப் போக வேண்டும். அந்தப் பாட்டுக்காரர்களில் பலர் வயிற்றுப் பிழைப்புக்காக இத்தாலியிலிருந்து வந்த ஏழைகள். பாபேஜின் தலைவலி உண்மைதான். அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதே இலண்டனில் தொழிற்சாலைகளும் இரயில்களும் போட்ட சத்தத்துக்கு இத்தனை விரைவாகச் சட்டம் வரவில்லை. எளியவன் போடும் சத்தம் எப்போதும் முதலில் காதில் விழுகிறது.

நம் ரப்பர் ஆலைகளையே பாருங்கள். உருளை இயந்திரங்களுக்கு நடுவே இருபது, முப்பது ஆண்டுகள் நின்ற நம் தாத்தாக்களில் பலர் முதுமையில் காது கேளாதவர்கள் ஆனார்கள். ‘வயசாச்சு’ என்று விட்டுவிட்டோம். தொழிற்சாலை இரைச்சலுக்கு வரம்பு கட்டும் விதிகள் மலேசியாவில் 1989-இல்தான் வந்தன. பிறகு 2019-இல் அவை இன்னும் இறுக்கப்பட்டன. இப்போது எட்டு மணி வேலைக்குச் சராசரி 85 டெசிபலுக்கு மேல் ஒரு தொழிலாளியின் காதில் விழலாகாது. டெசிபல் என்பது ஓசையை அளக்கும் அளவை. அதில் பத்து கூடினால் ஓசையின் ஆற்றல் பத்து மடங்காகிறது என்று பொருள். 85-க்கும் 95-க்கும் சிறு வித்தியாசந்தான் என்று ஏமாந்துவிடக் கூடாது. திருவிழா மேடையின் பெரிய ஸ்பீக்கருக்கு முன்னால் பிள்ளைகளைத் தோளில் வைத்து நிற்கும் பெற்றோர்கள் இதைச் சற்று மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒலிபெருக்கி எப்போது வந்தது? அமெரிக்காவில் 1915-ஆம் ஆண்டு வாக்கில் அது உருவாயிற்று. 1919-இல் அந்நாட்டு அதிபர் வில்சன் சான் டியாகோ நகரில் பெருங்கூட்டத்தில் அதன் மூலம் பேசினார். அண்டையிலுள்ள சிங்கப்பூரில் சுல்தான் மசூதி 1936-இலேயே தொழுகை அழைப்புக்கு அதைப் பொருத்திவிட்டது. தோட்டங்களுக்கு அது வந்தது வானொலியைப் பின்தொடர்ந்துதான். 1946 ஏப்ரல் முதல் நாள் ரேடியோ மலாயா தொடங்கியது. 1948-இல் அவசரகாலம் பிறந்ததும், மக்கள் கூடிக் கேட்பதற்காகக் கம்பங்களிலும் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் அரசாங்கம் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. செய்தியும் பிரசாரமும் கேட்பதற்கென வைத்த பெட்டிதான். நம் மக்கள் அதில் பாட்டுக்குக் காத்திருந்தார்கள். அக்காலத்தில் பல தோட்டங்களில் இரவு ஊரடங்கு. திருவிழாவின் இரவுக் கூத்தெல்லாம் பகலுக்கு வந்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இதற்குச் சற்று முன் நடந்த ஒன்றையும் இடையில் சொல்லிவிடலாம். பீடோங் ஹார்வர்டு தோட்டத்து ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்து, கெடா வட்டாரத்துக் கள்ளுக்கடைகளை மறித்து நின்றது. 1947-இல் போலீசாருடன் மோதலாகித் தொழிலாளர் உயிரிழப்பும் நேர்ந்தது. கூலி, மானம், குடும்பம் என்று அதற்குக் காரணங்கள் பல. ஆனால் கள்ளுக்கடை மூடினால் லயத்து இரவில் அடிதடிக் கூச்சல் அடங்கும் என்று எந்தத் தாய்க்குத்தான் தோன்றியிருக்காது!

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை வெளியிட்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் லயத்துக்கு இரண்டு கேசட் பெட்டி என்றாயிற்று. அது வரை பாட்டு வானொலி நிலையத்தின் கையில் இருந்தது. அறிவிப்பாளர் நிறுத்தினால் எல்லா வீட்டிலும் நிற்கும். கேசட் வந்த பிறகு ஒவ்வொரு வீடும் ஒரு நிலையமாகிவிட்டது. நம் தலைமுறையின் ஓசைப் பிரச்சினை அன்றுதான் பிறந்தது.

சிங்கப்பூரில் இதை எப்படித் தீர்த்தார்கள் என்று பார்ப்பது நல்லது. தைப்பூச நடை ஊர்வலத்தில் மேளக் குழுக்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டுச் சண்டை வந்ததால் 1973-இல் இசைக் கருவிகளுக்கே தடை போட்டார்கள். நாற்பதாண்டுகளுக்கு மேல் காவடி மேளமின்றிப் போயிற்று. 2016-இல்தான் வழியில் மூன்று இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு இடம் கொடுத்தார்கள். நாமே வரம்பு வைத்துக்கொள்ளாதபோது பிறர் வைக்கும் வரம்பு இப்படித்தான் நீளும். ஆனால் தடையை மட்டும் கண்டு நிறுத்திவிடக் கூடாது. அதே சிங்கப்பூரில் 1970-களின் நடுவில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகியபோது, மசூதிகளின் ஒலிபெருக்கிகள் உட்புறமாகத் திருப்பப்பட்டன. தொழுகை அழைப்பு வானொலியில் ஒலிபரப்பாயிற்று. கேட்க விரும்புகிறவர் தம் வீட்டில் கேட்டுக்கொண்டார். அழைப்பும் நிற்கவில்லை, பக்கத்து வீட்டுக்கும் தொல்லையில்லை. தமிழ்நாட்டில் சென்னைத் தேவாலயம் ஒன்றின் ஒலிபெருக்கியைப் பற்றிய வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2000-இல், பிறர் அமைதியைக் குலைத்துப் பிரார்த்தனை செய்ய எந்த மதமும் சொல்லவில்லை என்ற கருத்தைக் கூறியது. அவ்வாண்டே வந்த விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை அங்கே ஒலிபெருக்கி வைக்க அனுமதியில்லை.

நம் கெடாவுக்குத் திரும்புவோம். பால்மரம் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து மக்கள் ‘தாமான்’களுக்குக் குடிபோனார்கள். மலாய் மொழியில் தாமான் என்றால் பூங்கா என்றும் பொருள். பூங்காவில் எப்படி நடந்துகொள்வது என்ற கேள்வி நம் வீட்டு வாசலிலேயே வந்து நின்றுவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். லயத்தில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம், ஒரே நேரத்தில் உறங்கினோம். தாமானில் அப்படியில்லை. 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட பிறகு நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இரவு ஷிப்டுக்குப் போகிறார்கள்! காலை எட்டு மணிக்கு வந்து படுக்கும் பெண்ணுக்குப் பகல் பத்து மணியே நள்ளிரவு. எதிர்வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, பக்கத்தில் நோயாளி. சுற்றுச்சூழல் இலாகாவின் வழிகாட்டியில் இரவு பத்து மணிக்கே இரவு தொடங்குகிறது. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இன் 23-ஆம் பிரிவு இரைச்சலைப் பற்றியதுதான். ஆனால் பக்கத்து வீட்டு அக்காவைச் சட்டப்பிரிவு காட்டி மிரட்டுவதைவிட, ‘அக்கா, இன்னைக்கு ராத்திரி வேலைக்குப் போறேன், கொஞ்சம் குறைச்சு வையுங்க’ என்று சொல்வது விரைவில் பலன் தருகிறது.

விடுமுறை என்றால் நாம் போகுமிடம் அருவி. துப்பா, பத்து ஹம்பார், செடிம், புக்கிட் ஹிஜாவ் என்று கெடாவில் குளிக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் காப்புக் காடுகளில் ஒரு பகுதியை மக்களின் உல்லாசத்துக்கென ஒதுக்க வழி செய்தது. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் கணக்கு இன்னும் நுட்பமானது. ஐம்பது அடி தூரத்தில் அறுபது டெசிபலுக்கு மேல் கேட்கும்படி எந்தப் பெட்டியையும் வைக்கக் கூடாது; இரவு பத்து முதல் காலை ஆறு வரை முகாம்களில் அமைதி. அறுபது டெசிபல் என்பது அருகருகே இருவர் பேசிக்கொள்ளும் அளவு.

நமக்கே ஒரு முறை நேர்ந்ததைச் சொல்கிறோம். ஜெராய் மலையடிவாரத்து அருவி ஒன்றுக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்றிருந்தோம். விளையாட்டுக்கு வேண்டும் என்று பெரிய பாட்டுப் பெட்டியையும் கொண்டு போனோம். பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். பக்கத்துப் பாறையில் பேரனோடு வந்திருந்த மலாய்ப் பெரியவர் எழுந்து வந்தார். ‘ஆசிரியரே, கொஞ்சம் நிறுத்தி வைக்கலாமா?’ என்று மலாயில் கேட்டார். நம் முகம் சற்று மாறியது. ‘மன்னியுங்கள் பாக்சிக், தொந்தரவாக இருக்கிறதா?’ என்றோம். அவர் பாட்டைக் குறை சொல்லவில்லை. மலையுச்சியைக் காட்டினார், அங்கே மேகம் கறுத்திருந்தது. ‘தண்ணீரின் சத்தத்தைக் கேட்க வேண்டும்’ என்றார்.

கெப்பாலா ஆயர் என்று மலாய் மக்கள் சொல்லும் வெள்ளத் தலையை அவர் நினைத்தார். மேலே மலையில் மழை கொட்டினால், கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் மரத்தையும் பாறையையும் உருட்டிக்கொண்டு வந்துவிடும். அதற்கு முன் தண்ணீர் கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். மேலிருந்து ஓர் இரைச்சல் வலுத்துக்கொண்டே வரும். தப்பிக்கக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்களாகவும் இருக்கலாம், அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். பெட்டி பாடிக்கொண்டிருந்தால் அந்த இரைச்சல் காதில் விழாது. கரையிலிருந்து ‘ஏறுங்கள்’ என்று கத்துபவர் குரலும் விழாது.

நாம் பெட்டியை நிறுத்தினோம். பிள்ளைகளைக் கரையேற்றினோம். அன்று வெள்ளம் எதுவும் வரவில்லை; சிறு தூறலோடு போயிற்று. மாணவன் ஒருவன், ‘சும்மாதானே சார் நிறுத்தினோம்’ என்று பேருந்தில் முணுமுணுத்தான். அதற்குப் பிறகு, 2021 ஆகஸ்டு 18-ஆம் நாள், அதே ஜெராய் மலையிலிருந்து வெள்ளம் இறங்கி யான், மெர்போக் பக்கத்துக் குடியிருப்புகளை அடித்தது. ஆறு பேர் மாண்டார்கள். மறுநாள் செய்தியில் உருண்டு கிடந்த மரங்களைப் பார்த்தபோது நமக்கு அந்தப் பெரியவரின் கை நீட்டிய திசைதான் கண்முன் வந்தது.

இப்போதும் பிள்ளைகளை அருவிக்கு அழைத்துப் போகிறோம். பாட்டு வேண்டுமென்றால் பேருந்திலேயே பாடிவிடுகிறார்கள். நீரில் இறங்குமுன் ஐந்து நிமிடம் எல்லாரும் வாய் பேசாமல் பாறையில் உட்கார வேண்டும். அருவியின் வழக்கமான ஓசை எது என்று காது பழக வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த ஐந்து நிமிடம் பெரும்பாடு. ஆசிரியர் கழுத்தில் ஒரு விசில். இரண்டு முறை நீளமாக ஊதினால் பொருளையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு மேட்டுக்கு ஓட வேண்டும். செருப்பைத் தேடக் கூடாது. போன முறை ஒத்திகைக்காக ஊதியபோது, எங்களுக்கு முன்பாகவே பக்கத்துக் கூட்டத்தார் எழுந்து கரையேறிவிட்டார்கள். அவர்கள் ஸ்பீக்கர் கொண்டு வரவில்லை.